ஒரே ஒரு இடத்தை வெட்ட ஒரு கம்ப்யூட்டர்

புதிதாகக் கடையில் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும்தான் இதை டைப் பண்ணிக்கொண்டிருக்கிறேன். வேகமாக அடிக்கிறேன், தப்பு இருந்தால் கண்டுகொள்ளாதீர்கள். எனக்கு இருபத்தொன்பது வயது. இந்தத் தொழிலிலிருந்து ரிட்டயர் ஆகிறேன். சிரிக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிற வேலை கிடைத்துவிட்டது, வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் காலேஜ் முடித்ததிலிருந்து நேற்று வரைக்கும் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக அலைந்தவள் நான். வீட்டில் வைத்து வீடியோ எடிட் பண்ண ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்று யார் உள்ளே வந்தாலும் முதலாளி என் பக்கம்தான் கையைக் காட்டுவார். ஆகவே கொஞ்சம் பந்தாவாகத்தான் பேசுவேன்.

எந்த ப்ராசஸர், எவ்வளவு மெமரி, எந்த போர்டு என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதெல்லாம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாறிவிடும். நான் எழுதி முடிப்பதற்குள் பழசாகிவிடும். அதனால் அதை விட்டுவிடுகிறேன். எதிரே வந்து உட்காருகிற ஆளிடம் என்ன கேட்பது என்பதுதான் விஷயம். நீங்கள் நேற்று கவுண்டரில் கேட்டதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். "எவ்வளவுக்குள்ள சார் பாக்குறீங்க?" சுத்த மொக்கையான கேள்வி. காய்கறிக் கடையில் கேட்கலாம்.

மெஷின் எங்கே இருக்கப்போகிறது என்று முதலில் கேளுங்கள். ராமேஸ்வரத்தில் ஒரு அண்ணன், கல்யாண வீடியோ எடுப்பவர். வீட்டு ஜன்னலைத் திறந்தால் கடல். பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே நீல லைட், முன்னால் பின்னால் தலையில் எல்லாம் ஃபேன் வைத்த கேபினெட்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். வேண்டாம் அண்ணே, உப்புக்காற்றை நீங்களே உறிஞ்சி உள்ளே விடுகிற மாதிரி ஆகிவிடும் என்றேன். "மாப்பிள்ளை வீட்டுக்காரன் வந்து பாத்தா அசரணும்மா. நீ பூட்டுப்போட்ட பீரோ மாதிரி ஒண்ணக் காட்டுற" என்றார். ஒரு ஐப்பசி, ஒரு கார்த்திகை. போர்டு முழுக்கப் பச்சை பூத்துவிட்டது. நீல லைட் மட்டும் கடைசிவரைக்கும் எரிந்தது. மறுபடி வந்து அந்தப் பூட்டுப்போட்ட பீரோவையே வாங்கிக்கொண்டு போனார். இது சிரிக்கிற கதை. அடுத்தது அப்படி இல்லை.

கேமரா என்றால் டேப் என்று இருந்த காலம். பங்குனி வெயிலில் ஒருவர் வந்தார். முதுகுளத்தூருக்கும் அந்தப் பக்கம் ஒரு கிராமம், மிளகாய் விவசாயம். பெயர் சேதுராமு. வெள்ளை வேட்டி, வெளுத்துப்போன நீலச் சட்டை. ரெக்ஸின் பை ஒன்றை, பஸ்ஸில் நெரிசலுக்கு நடுவே வைத்திருப்பது மாதிரி மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தார். வீட்டு வீடியோவை எடிட் பண்ண ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்றார். எடிட் என்ற வார்த்தையை முன்கூட்டியே மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்த மாதிரி சொன்னார்.

முதலாளி உற்சாகமாகிவிட்டார். கல்யாண வீட்டு ஆட்களுக்குப் போடுகிற பெரிய மெஷினைக் காட்டினார். பெரிய கிராஃபிக்ஸ் கார்டு, இரண்டு மானிட்டர், எழுத்து பறக்கும், பூ கொட்டும் என்று அடுக்கினார். சேதுராமு எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். ஒன்றும் புரியாத ஆள் ஆட்டுகிற தலை அது. எனக்குக் கடுப்பாக இருந்தது. குறுக்கே புகுந்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்டுடியோவில் கொடுத்தால் சிடி போட்டுத் தருவார்களே அய்யா, உங்களுக்கு எதற்கு இவ்வளவு பெரிய சாமான் என்று கேட்டேன். முதலாளி என்னை முறைத்தார். வருகிற வியாபாரத்தைக் கெடுக்கிறாளே என்று.

"குடுத்தேன் தாயி," என்றார் சேதுராமு. "பாட்டப் போட்டுக் குடுத்துட்டான்."

உங்களுக்கு இது புரிய வேண்டும். நம் ஊரில் வீடியோ எடிட்டிங் என்றால் முதல் வேலையே டேப்பில் இருக்கிற சத்தத்தைச் சுத்தமாக எடுத்துவிடுவதுதான். அதில் என்ன இருக்கும்? ஜெனரேட்டர் இரைச்சல், குழந்தை அழுகை, "சாப்டீங்களா, பந்தி எந்தப் பக்கம்" என்கிற கூச்சல். அதைத் துடைத்துவிட்டு மேலே சினிமாப் பாட்டைப் போட்டால்தான் எடிட்டிங். யாரும் இதுவரைக்கும் வந்து எங்கள் சத்தம் எங்கே என்று சண்டை போட்டதில்லை. சேதுராமு கொடுத்த டேப்புகளுக்கும் ஸ்டுடியோக்காரர் வழக்கம்போல அதையே செய்திருக்கிறார். ஆடு மேய்கிற இடத்தில் ஒரு பாட்டு, கோயில் வாசலில் ஒரு பாட்டு, மூலையில் இரண்டு புறா. காசு அதிகம் கேட்காமல், பாசமாகத்தான் செய்திருக்கிறார்.

"கொறை சொல்லல. நல்லாத்தான் பண்ணிருக்கான். ஆனா எம்புள்ள அதுல இல்ல."

பிறகுதான் சொன்னார். ஒரே மகன், பாண்டி. எலெக்ட்ரீஷியன். வளைகுடாவில் வேலைக்குப் போய் முதல் லீவில் வரும்போது ஒரு பழைய ஹேண்டிகேம் வாங்கி வந்திருக்கிறான். லீவு முழுக்கக் கையை விட்டு இறக்கவில்லை. வீட்டை எடுத்தான், கண்மாயை எடுத்தான், அப்பன் ஆத்தாளை எடுத்தான். திரும்பிப் போனான். போன இடத்தில் கட்டடத்தின் மேலே வேலை பார்க்கும்போது விழுந்துவிட்டான். பெட்டியில்தான் வந்தான்.

"எடுக்குறவன் எப்பிடி தாயி படத்துல வருவான்? அவன் சத்தந்தான் இருக்கு. அதத் தொடச்சிட்டா அப்புறம் ஆடும் மாடும்தான்."

நல்லவேளை, ஸ்டுடியோக்காரர் டேப்புகளைத் திருப்பிக் கொடுத்திருந்தார். சத்தம் டேப்பில் பத்திரமாகத்தான் இருந்தது. கேமராவை டிவியில் சொருகிப் போட்டுப் பார்க்கலாமே என்றேன். போட்டுக்கொண்டுதான் இருந்தார்களாம். போடப் போட டேப் உதிர ஆரம்பித்துவிட்டது, படத்தில் கோடு விழுகிறது என்றார்.

முதலாளி மதியச் சாப்பாட்டுக்குப் போனார். அவர் தலை மறைகிற வரைக்கும் சேதுராமு காத்திருந்தார். பிறகு பையைத் திறந்து ஒரே ஒரு டேப்பைத் தனியாக எடுத்து மேஜையில் வைத்தார். இதை ஸ்டுடியோவில் கொடுக்கவில்லை, டிவியிலும் போட விடவில்லை, ஒளித்து வைத்திருக்கிறேன் என்றார். மிளகாய் காயப்போட்ட களத்தில் எடுத்தது. பாண்டி திரும்பிப் போவதற்கு முன்னால் எடுத்த கடைசி டேப். அந்த டேப் எங்கே என்று அவர் வீட்டம்மா காளியம்மா தினமும் கேட்கிறாராம். அவரும் தினமும் ஒரு பொய் சொல்கிறாராம்.

அதில் ஒரு இடம் இருக்கிறது. வளைகுடா வேண்டாம், முதுகுளத்தூரில் ஒரு எலெக்ட்ரிக் கடை போட்டுக்கொண்டு இங்கேயே இருக்கிறேன் என்று கேமராவைப் பிடித்துக்கொண்டே பாண்டி கேட்கிறான். இவர் பதில் சொல்கிறார்.

"வேணாம்னு சொன்னது தப்பில்ல. சொன்ன விதம் சரியில்ல. அந்த ஒரு எடத்த மட்டும் வெட்டணும். வெட்டிட்டு அவளுக்குக் குடுத்துருவேன். கேட்டுக்கிட்டுக் கெடக்கட்டும்."

இங்கேயே என் மெஷினில் வெட்டித் தருகிறேன், அஞ்சு நிமிஷ வேலை, கம்ப்யூட்டரே வேண்டாம் என்றேன். அவர் டேப்பை மறுபடி பைக்குள் வைத்தார்.

"ஒனக்குக் கேக்குமுல்ல?"

அந்த இடத்தை வேறு ஒரு காது கேட்கக் கூடாது. அதற்காகத்தான் அந்த மனுஷன் ஒரு கம்ப்யூட்டர் வாங்க வந்திருக்கிறார். எப்படி வெட்டுவது என்று சொல்லிக்கொடு, நானே வெட்டிக்கொள்கிறேன் என்றார். மவுஸ் என்றால் எப்படி இருக்கும் என்றே தெரியாதவர்.

சரி, இப்போது தொழிலுக்கு வாருங்கள். இந்த ஆளுக்கு என்ன போடுவீர்கள்? கிராஃபிக்ஸ் கார்டைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள். இரண்டாவது மானிட்டர் வேண்டாம். படத்தில் இருப்பது ஆடும் மாடும். தேவை சத்தம். பழைய கேமரா, ஒயர் வழியாகத்தான் உள்ளே வரும், அதனால் சத்தத்தை ஒழுங்காக வாங்குகிற கேப்சர் கார்டு. போர்டிலேயே ஒட்டி வருகிற சவுண்டு வேண்டாம், தனி சவுண்டு கார்டு. மட்டமான பவர் சப்ளை போட்டால் இரையும், நல்லதாக ஒன்று. கரண்டு போனால் ஏறிக்கொண்டிருக்கிற டேப் நடுவில் நின்றுபோகும், அதற்கு ஒரு யுபிஎஸ். உதிர்கிற டேப், இன்னொரு தடவை ஓடுமோ ஓடாதோ, ஆகவே இரண்டு ஹார்டு டிஸ்க், ஒன்றில் இருப்பதை இன்னொன்றில் நகல் எடுத்து வைக்க. நல்ல ஸ்பீக்கர் ஒரு ஜோடி. அப்புறம் காது முழுக்க மூடுகிற ஹெட்போன் ஒன்று. டேப்பை உள்ளே ஏற்றும்போது ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு ஹெட்போனை இவர் மாட்டிக்கொள்ளலாம். வீட்டம்மாவுக்கும் கேட்காது, எனக்கும் கேட்காது. பிரமாதமான யோசனை என்று நினைத்துக்கொண்டேன். சாப்பிட்டுவிட்டு வந்த முதலாளி நான் எடுத்து வைத்ததைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, எடிட்டிங் மெஷின் கேட்டவருக்கு ரேடியோப் பொட்டி கட்டுற?" என்றார்.

இரண்டு நாள் கழித்து வேனில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனேன். கருவேலங்காட்டுக்கு நடுவே ரோடு. வெயிலில் களம் களமாக மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. இறங்கும்போதே தும்மல். காளியம்மா வாசலிலேயே நின்றார். ஒடிசலான உடம்பு, முழங்கை வரைக்கும் மிளகாய்த் தூசி. என்னைப் பார்த்து முதலில் கேட்டது, "பொம்பளப் புள்ளையவா அனுப்பிருக்காக?" அடுத்தது, "சாப்ட்டியா?" மூன்றாவது, "அந்தக் களத்து டேப்பு இருக்காமே. அவரு இப்பத்தான் சொன்னாரு. பொட்டிக்கு அடியில கெடந்துச்சாம். அதப் போடுவியா தாயி?"

சேதுராமு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு யுபிஎஸ் அட்டைப்பெட்டியைத் தூக்கினார்.

கஸ்டமரின் டேப்பை வைத்து ஒருபோதும் டெஸ்ட் பண்ணாதீர்கள். நான் என் பையில் எப்போதும் ஒரு சொந்த டேப் வைத்திருப்பேன். மெஷினை மாட்டி, கேமராவைச் சொருகி, என் டேப்பைப் போட்டேன். படம் வந்தது. சத்தமும் வந்தது, ஆனால் அதற்கு மேல் ஒரு பெரிய இரைச்சல். குளவிக்கூடு கலைந்த மாதிரி ஒரே சீராக. கேமராவின் பேட்டரி செத்துப்போயிருந்ததால் அடாப்டரில்தான் ஓட்டியாக வேண்டும். அடாப்டரை எடுத்தால் கேமரா ஓடாது, போட்டால் இரைகிறது. கேபினெட்டைத் தொட்டேன், விரல் நுனியில் சுருக்கென்றது. புரிந்துவிட்டது. எர்த் இல்லை. சுவரில் மூணு ஓட்டை ப்ளக் இருக்கிறது, மூணாவது ஓட்டைக்குப் பின்னால் ஒன்றும் வேலை செய்யவில்லை.

வயரிங் சரியில்லை என்று வாயைத் திறந்தேன். காளியம்மாவின் முகம் மாறிவிட்டது.

"எம்புள்ள போட்டது. இந்த வீட்டுல ஒவ்வொரு வயரும் அவன் கையால இழுத்தது. அதுல கொறை வராது."

இந்த மாதிரி இடத்தில்தான் நம் படிப்பு எல்லாம் சிக்கலாகிறது. மீட்டரை வைத்து நிரூபிக்கலாம். நிரூபித்து என்ன செய்ய? நான் ஸ்விட்ச் போர்டைக் கழற்றிப் பார்த்தேன். உண்மையிலேயே அழகான வேலை. எர்த்துக்குப் பச்சை வயர் ஒழுங்காக இழுத்திருந்தான். அந்தப் பச்சை வயரைப் பிடித்துக்கொண்டே சுவர் ஓரமாகப் போய், கொல்லைப்புறத்தில் வெளியே வந்தேன். வயர் போய்ச் சேர்ந்த இடத்தில் தரைக்கு மேலே ஒரு சாண் இரும்புக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. அதில் ஒரு வெள்ளாடு கட்டியிருந்தது.

அது எதற்கு என்று இருவருக்கும் தெரியாது. பாண்டி நட்டுவிட்டுப் போனான், ஆடு கட்ட வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான். குழாயைச் சுற்றி மண் வெடித்துப்போய்க் கிடந்தது. அடியில் கரியும் உப்பும் போட்டுப் புதைத்து, அவ்வப்போது தண்ணீர் ஊற்றி ஈரமாக வைத்திருந்தால்தான் அது எர்த். இந்தக் காய்ந்த சீமையில் ஊற்றாமல் விட்டால் அது வெறும் குழாய். பாண்டி திரும்பிப் போகிற அவசரத்தில் சொல்ல மறந்திருப்பான். இல்லை, சொல்லியும் இருப்பான், இவர்கள் மனசில் வாங்கியிருக்க மாட்டார்கள்.

"அம்மா, அவரு போட்ட வேலையில ஒரு கொறையும் இல்ல. மண்ணுலதான் ஈரம் இல்ல," என்றேன்.

காளியம்மாவின் முகம் கொஞ்சம் தணிந்தது. சேதுராமு ஆட்டை அவிழ்த்து வேலியில் கட்டினார். குழாயைச் சுற்றித் தோண்டினார். உள்ளூர்ப் பெட்டிக்கடையில் வாலிநோக்கத்துக் கல்லுப்பு மூட்டையில் இருந்தது, வாங்கி வந்து கொட்டினார். குடிதண்ணீருக்கே லாரி வரும் நாள் பார்த்து வரிசையில் நிற்கிற ஊர் அது. காளியம்மா வீட்டுக்குள்ளிருந்து குடம் குடமாகக் கொண்டுவந்து குழாயின் வாயில் ஊற்றினார். போகிறவர்கள் வேலியோரம் நின்று, இரும்புக்குத் தண்ணி ஊத்துனா காய்க்குமா என்று கேலி பேசினார்கள்.

ஊறுவதற்கு நேரம் ஆகும். அந்த நேரத்தில்தான் காளியம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பாண்டிக்குத் தும்மல் வந்தால் ஏழெட்டு தடவை விடாமல் தும்முவான், களத்தில் எடுத்த டேப்பில் அதுவும் இருக்கும் என்றார். பெட்டி வந்த அன்றைக்குத் திறக்க வேண்டாம் என்று பெரியவர்கள் தடுத்துவிட்டார்களாம்.

"மொகத்தத்தான் பாக்க விடல. குரலாச்சும் இருக்கேன்னு கெடக்கேன். இரைஞ்சா இரையட்டும் தாயி. ஒரு வாட்டி போடு."

முடியாது என்று சொன்னேன். சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கு ஒரு நாள் தெரியும். ஓட்டாமலே ஒளித்து வைத்திருந்தும், சூட்டில் கெட்டுப்போய் அந்தக் களத்து டேப்பின் ஓரத்திலும் பழுப்புத் தூள் உதிர்வது கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு தடவைதான் ஒழுங்காக ஓடும். இரைச்சலோடு அதை ஓட்டிவிட்டால் கடைசிவரைக்கும் இரைச்சலோடுதான் இருக்கும். எதிரே இருப்பவர் கெஞ்சுகிறார் என்பதற்காக அவசரப்பட்டால் அவர் எதைக் கேட்கிறாரோ அதையே நாம் அழித்துவிடுவோம். அவர் அதற்கப்புறம் கெஞ்சவில்லை. எழுந்து போய் இன்னொரு குடம் கொண்டுவந்தார்.

வெயில் தாழ்ந்தபோது என் டேப்பை மறுபடி போட்டேன். இரைச்சல் அடங்கியிருந்தது. அடியில் ஒரு மெல்லிய ஓசை மட்டும், அதுவும் காதைக் கூர்மையாக வைத்தால்தான். கேபினெட்டைத் தொட்டேன், சுருக்கென்று இல்லை.

இனி அந்த டேப். ஸ்பீக்கரை அணைத்தேன். ஹெட்போனை சேதுராமுவின் காதில் மாட்டினேன். டேப்பை ஏற்றும்போது ஒருவர் மட்டும் கேட்டு சரிபார்க்க வேண்டும், அதுதான் முறை என்று காளியம்மாவிடம் ஒரு பொய் சொன்னேன். அவர் நம்பினார். மானிட்டருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். நான் பட்டனை அழுத்தினேன்.

சத்தமில்லாமல் படம் ஓடியது. களம் முழுக்கச் சிவப்பு. மிளகாயைக் காலால் புரட்டிவிடுகிற காளியம்மா, கேமராவைப் பார்த்து வெட்கப்பட்டு முந்தானையால் முகத்தை மூடுகிறார். படம் குலுங்குகிறது, விடாமல் குலுங்குகிறது. "தும்முறான்," என்றார் காளியம்மா தரையிலிருந்து. அப்புறம் படம் சேதுராமு பக்கம் திரும்பியது. சாக்கு தைத்துக்கொண்டிருக்கிறார். நிமிர்ந்து பார்க்கிறார். ஏதோ சொல்கிறார். படம் ஆடாமல் அவர் மேலேயே நிற்கிறது. நெடுநேரம் நிற்கிறது. அவர் கோணி ஊசியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நிற்கிறார். கை நீட்டிப் பேசுகிறார். கழுத்து நரம்பு தெரிகிறது.

ஹெட்போனை மாட்டியிருந்த சேதுராமு மானிட்டரைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அடித்துக்கொண்ட பந்தா எல்லாம் அந்த இடத்தில் போயிற்று. சத்தத்துக்கு அத்தனை யோசித்தேன். கேமரா அந்த நேரம் யார் முகத்தின் மேல் இருந்தது என்று யோசிக்கவில்லை. டேப்பை நிறுத்தலாமா? நிறுத்தினால் மறுபடி ஓடாமல் போகலாம். மானிட்டரை அணைக்கலாமா? அணைத்தால் எதற்கு என்று கேட்பார். ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். டேப் முடிகிற வரைக்கும் ஓடியது. முடிந்ததும் முதல் வேலையாக இரண்டாவது டிஸ்கில் நகல் எடுத்தேன். கை வேலை செய்துகொண்டிருந்தால் பேச வேண்டியதில்லை.

சேதுராமு ஹெட்போனைக் கழற்றினார். "எங்கன வெட்டணும்னு காட்டு தாயி," என்றார் மெதுவாக. மவுஸை அவர் கையில் கொடுத்து, அந்த இடத்தின் ஆரம்பத்துக்குக் கொண்டுபோனேன். இங்கே ஒரு க்ளிக், அங்கே ஒரு க்ளிக், அப்புறம் இந்தப் பட்டன், போய்விடும் என்று காட்டினேன். மிளகாய்க் காம்பு கிள்ளிக் காய்த்துப்போன விரல். அம்பு திரையில் அங்கும் இங்கும் ஓடியது. பிடிபடவில்லை.

"வெட்டாதீக," என்றார் காளியம்மா.

அவர் எழுந்து வந்து எங்களுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"நீங்க என்ன பேசுனீகன்னு எனக்குத் தெரியும். அன்னைக்கு மொளகா அம்பாரத்துக்கு அந்தப் பக்கம்தான நின்னேன். நீங்க பேசுனத வெட்டுனா அவன் பேசுனதும் போயிரும். அந்த டேப்புல அங்கனதான் எம்புள்ள நெறையப் பேசுறான்."

சேதுராமு மவுஸிலிருந்து கையை எடுத்தார். காளியம்மா என்னிடம், ஸ்பீக்கரைப் போடு என்றார். நான் சேதுராமுவைப் பார்த்தேன். அவர் போடாதே என்று சொல்லவில்லை. போட்டேன்.

பாண்டியின் குரல் நான் நினைத்ததைவிடச் சின்னப் பையன் குரலாக இருந்தது. கடைக்கு இடம் பார்த்துவிட்டேன் அய்யா, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டவே இங்கே ஆள் இல்லை, எல்லோரும் பரமக்குடிக்குப் போகிறார்கள், மிளகாய் வித்த காசில் கொஞ்சம் கொடுத்தால் போதும், நானும் கூட இருப்பேன், உங்களுக்கும் வயசாகிறது என்று ஒவ்வொன்றாக, கெஞ்சாமல், கணக்கு ஒப்பிப்பது மாதிரி சொல்லிக்கொண்டே போனான். நடுவில் ஒரு தும்மல். அப்புறம் சேதுராமுவின் குரல்.

"இங்கன கெடந்து என்னத்தக் கிழிக்கப் போற? ஊருல அவனவன் பிள்ளைக வீடு கட்டிட்டான். போயி ஒழுங்கா வேலையப் பாரு. மூணு வருசத்துக்கு ஒன் மூஞ்சிய இங்கன காட்டாத."

கொஞ்ச நேரம் காற்று மட்டும். பிறகு பாண்டி, "சரிங்கய்யா," என்றான். படம் அதோடு நின்றது.

காளியம்மா அழவில்லை. மறுபடி முதலிலிருந்து போடு என்றார். எப்படிப் போடுவது என்று காட்டச் சொன்னார். அவருக்கு மவுஸ் உடனே பிடிபட்டுவிட்டது.

அதற்குப் பிறகு யுபிஎஸ் பேட்டரி மாற்ற ஒரு தடவை அந்த வீட்டுக்குப் போனேன். மெஷின் மேல் துணி போர்த்தி, தூசி படாமல் வைத்திருந்தார்கள். எல்லா டேப்பும் உள்ளே ஏறியிருந்தது, எல்லாம் முழுசாக. நான் கட்டிக்கொடுத்ததிலேயே சுத்தமான எடிட்டிங் மெஷின் அதுதான், அதில் இன்றுவரைக்கும் ஒரு வெட்டு விழவில்லை. நீங்கள் கேட்கலாம், அப்படியானால் அந்த ஆள் எதற்காக வாங்கினாரோ அது நடக்கவில்லையே, நம் வேலை வெற்றியா தோல்வியா என்று. எனக்குத் தெரியாது. இந்தத் தொழிலில் அப்படிச் சில வீடுகள் வரும். சாமானைச் சரியாகக் கொடுங்கள். அதை வைத்து அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதில் நமக்குப் பங்கில்லை. ஆனால் கேளுங்கள். கவுண்டரில் உட்கார்ந்திருக்கும்போதே, இதில் யாருடைய குரல் இருக்கிறது, யாருடைய முகம் இருக்கிறது, யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேளுங்கள்.

நான் பேட்டரியை மாற்றி முடித்ததும், ஓடுகிறதா பார்க்கலாம் என்று காளியம்மா களத்து டேப்பைப் போட்டார். நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம். தும்மல் வந்தபோது அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். படம் சாக்கு தைக்கிற இடத்துக்குத் திரும்பியது. சேதுராமு எழுந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். தினமும் இப்படித்தான் போல. காளியம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடையைப் பற்றியும் மோட்டார் காயிலைப் பற்றியும் பாண்டி சொல்வதையெல்லாம் கேட்டார். அப்புறம் வந்ததையும் கேட்டார். "சரிங்கய்யா" வரைக்கும் கேட்டார். பிறகு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"முடிஞ்சிருச்சு. உள்ள வாங்க."